தொழிலை எங்கிருந்து தொடங்குவது: ஜெலாப்பாங்கும் கிளேடாங் மலையும்

இயற்கைப் பாதுகாப்புக்காகப் படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார்கள். எந்த லென்ஸ் வாங்குவது? பெலும் காட்டுக்குள் எப்படிப் போவது? இரண்டும் பிறகு கேட்க வேண்டியவை. முதல் ஐந்தாண்டுக்கான வேலை உங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இடத்தில் இருக்கட்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். மலாயாப் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி தீபகற்பக் காடுகளில் எஞ்சியவை 150க்கும் குறைவு. அந்தக் கணக்கெடுப்பே மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராக்களை நம்பித்தான் நடந்தது. அரிதான ஒன்றைப் படமெடுக்கப் பணம், அனுமதி, ஓர் ஆய்வுக் குழுவின் துணை ஆகிய மூன்றும் வேண்டும். மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாச்சிகளும் இருப்பதால் புகழ்பெற்றது பெலும்-தெமெங்கோர் காடு. அங்கே நல்ல படங்களை எடுத்தவர்கள் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் போனவர்கள். ஒரு வாரம் விடுமுறை போட்டுவிட்டுப் போகும் புதியவர் கொண்டுவருவது, ஏற்கெனவே வேறொருவர் இன்னும் நன்றாக எடுத்துவிட்ட படமாகத்தான் இருக்கும்.

அழகான பறவைப் படத்துக்கும் பாதுகாப்புப் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2005இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் நடந்த உலக வனாந்தர மாநாட்டில், கிறிஸ்டினா மிட்டர்மையரின் முயற்சியில் பாதுகாப்புப் புகைப்படக் கலைஞர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவானபோதே இந்தக் கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. படம் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. அந்தப் படம் யார் கையில் போய் எந்த முடிவை மாற்றப் பயன்படுகிறது என்பதும் படக்காரரின் பொறுப்பு. தமிழில் இதற்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளைப் படத்தையும் கட்டுரையையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு வேலை செய்தார். 1950இல் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். நாலு தெரு தள்ளி இருக்கும் பல்லியும் காகமும் அவருக்கு யானைக்குச் சமமான பொருள்கள்தாம். தமிழ்க் கட்டுரைகளின் தொகுப்பான ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைப் படித்தால் இது புரியும். பார்த்ததைத் தேதியோடும் இடத்தோடும் எழுதிவைக்கும் அந்தப் பழக்கம்தான் இத்தொழிலின் முதலீடு. கேமராவை நண்பரிடம் இரவல் வாங்கிக்கூடத் தொடங்கலாம்.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் இருப்பவருக்கு அருகில் என்ன இருக்கிறது? மேற்கே தலை நிமிர்ந்தால் கிளேடாங் மலைத்தொடர். அதே தொடரில், தெற்கே, சாதாரணமாக யாரும் போகாத ஓரிடத்தில் மலேசியச் சுற்றுச்சூழல் வரலாற்றின் மிகக் கசப்பான கதைகளில் ஒன்று புதைக்கப்பட்டிருக்கிறது. ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பெரும் பங்கு வகித்த ஏசியன் ரேர் எர்த் நிறுவனம் ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் 1982இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிரித்தெடுத்தபின் மிஞ்சுவது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். இந்தக் கழிவை அருகிலுள்ள பாப்பான் என்ற ஊரில் குழி வெட்டிப் புதைக்கத் திட்டமிட்டபோது 1984இல் ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 1985 ஜனவரியில் இடம் கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்பட்டது. அடுத்த மாதமே புக்கிட் மேராவின் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காக நின்ற வழக்கறிஞர்களில் ஒருவரான மீனாட்சி ராமன் 1987 அக்டோபரில் ஒப்பராசி லாலாங் என்ற அரசின் கைது நடவடிக்கையில் பிடிபட்டவர்களில் ஒருவர். 1992 ஜூலை 11 அன்று உயர் நீதிமன்றம் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நிறுவனம் 1994இல் ஆலையை மூட முடிவெடுத்தது.

ஆக, மக்கள் தோற்ற வழக்கு இது. இத்தனை ஊர்வலங்களும் செய்திகளும் படங்களும் இருந்தும் தோற்றார்களே, அப்புறம் படத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இந்த அத்தியாயத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இதுதான். ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. உச்ச நீதிமன்றம் சொன்ன காரணங்களில் இரண்டைக் கவனியுங்கள். நிறுவனத் தரப்பு நிபுணர்களின் சோதனைகளே கூடுதலாக நம்பத்தக்கவை என்றது. மக்கள் முதலில் அணுசக்தி உரிம வாரியத்தை அணுகியிருக்க வேண்டும் என்றது. அங்கே எடைபோடப்பட்டது அழுகையோ ஆவேசமோ இல்லை, ஆவணம். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கேமராவும் அதைப் பிடிக்காது. ஆனால் பீப்பாய் எங்கே கிடந்தது, மூடியிருந்ததா, அதற்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் எத்தனை அடி, அளவுகோல் எந்த இடத்தில் வைக்கப்பட்டபோது எந்த எண்ணைக் காட்டியது என்பதையெல்லாம் கேமரா பிடிக்கும், எடுப்பவர் பொறுமையாக எடுத்தால். கொடி பிடித்த கூட்டத்தின் படம் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வரும். விசாரணை அறையில் கேட்கப்படுவது மற்ற படம்.

இன்னொரு பதிலும் உண்டு. ஆவணத்துக்குத் தீர்ப்பு நாளோடு ஆயுள் முடிவதில்லை. ஆலை மூடி பதினேழு ஆண்டுகள் கழித்து, 2011இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ புக்கிட் மேராவைப் பற்றி விரிவாக எழுதியது. சுமார் 10 கோடி டாலர் செலவில் நடக்கும் துப்புரவுப் பணியையும், மலை உச்சியை வெட்டிக் கழிவை உள்ளே வைத்து 20 அடிக்கு மேல் களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடுவதையும் அந்தக் கட்டுரை உலகுக்குச் சொன்னது. அதே ஆண்டில் குவாந்தான் அருகே கெபெங்கில் லைனாஸ் நிறுவனத்தின் அரிய மண் ஆலை வரவிருந்தது. அங்கே எழுந்த எதிர்ப்பில் புக்கிட் மேராவின் பெயர் ஓயாமல் ஒலித்தது. எண்பதுகளில் எடுத்துவைத்த படங்களும் சாட்சியங்களும் மறுபடி வெளியே வந்தன. இப்போது உலு பேராக்கின் கெனரிங்கில் அரிய மண் அகழ்வு நடக்கிறது. முறை வேறு, கனிமம் கிடைக்கும் மண்ணும் வேறு; இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் கேள்வி கேட்க வருபவர்கள் பழைய கோப்புகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அந்தக் கோப்பில் உங்கள் படம் இருக்குமா என்பதே இத்தொழிலில் வெற்றியை அளக்கும் கோல்.

கோப்பு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஜெலாப்பாங்குக்கு வடக்கே செம்மோர் அருகில் காந்தான் என்ற சுண்ணாம்புக் குன்று இருக்கிறது; சிமெண்டுக்காக நெடுங்காலமாக வெட்டப்பட்டு வருகிறது. அதன் குகையில் வாழும் பொறிக்கதவுச் சிலந்தி ஒன்றுக்குக் குன்றின் பெயரையே அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட உயிரினம். அதே குன்றில் கண்ட, சில மில்லிமீட்டரே உள்ள நத்தைக்கு 2014இல் அப்போது குன்றை வெட்டிக்கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரைச் சூட்டினார்கள் அறிஞர்கள். ஒரு நத்தை உலகச் செய்தியானது அந்தக் குறும்பால்தான். கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டபின்னும் பள்ளத்தாக்கில் குவாரிகள் ஓயவில்லை. இங்கே உங்கள் வேலை, பொதுச்சாலையில் ஓரிடத்தைத் தேர்ந்து, அதே இடத்தில் அதே உயரத்தில் அதே லென்ஸோடு மாதம் ஒருமுறை நிற்பது. சட்டகத்தின் ஓரத்தில் மாறாத பொருள் ஒன்று, ஒரு மின்கோபுரமோ கோயில் கோபுரமோ, எப்போதும் இருக்கட்டும். காலை வெயிலில் எடுத்த படத்தை மாலைப் படத்தோடு ஒப்பிட்டால் நிழல் ஏமாற்றிவிடும். ஆகவே நேரமும் மாறக் கூடாது. படக்குறிப்பு எழுதும்போது ‘அழியும் இயற்கை’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். ‘செம்மோர் சாலை, பாலத்துக்கு முந்திய மின்கம்பத்தடி, வடகிழக்கு நோக்கி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், 35 மி.மீ.; காலை 8 மணி; முந்திய இரவு மழை; வலப்பக்க வெட்டின் மேல் சென்ற மாதம் இருந்த மரக்கூட்டம் இப்போது இல்லை’ என்பதைப் போல எழுதுங்கள். படிக்கச் சலிப்பாக இருக்கும். சலிப்பான குறிப்புதான் பத்து ஆண்டு கழித்துச் சாட்சி சொல்லும். மூலக் கோப்பை அழிக்காமல், திருத்தாமல், இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஈப்போ மழைக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், புது லென்ஸுக்கு முன்னால் ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கிவிடுவது லாபம். செயற்கை நுண்ணறிவு எந்தக் காட்டையும் வரைந்து தரும் காலத்தில் படத்துக்கு மதிப்பு ஏது என்ற கவலைக்கும் விடை இதே மூலக் கோப்புதான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மலையையும் குன்றையும் சொல்லிவிட்டுத் தோட்டத்தை விட்டுவிட்டால் இந்த வட்டாரத்தின் பாதிக் கதை போய்விடும். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகள் இடிந்துவிட்டன. அதை ஏக்கத்தோடு படமெடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டாம். தோட்டத்தின் சுற்றுச்சூழல் கதை தொழிலாளியின் உடம்பில் எழுதப்பட்ட கதை. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, கசியும் மருந்து ரவிக்கையை நனைக்க நனைக்கக் களைக்கொல்லி அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். மூக்கில் இரத்தம் வருவதும் நகம் நிறம் மாறிக் கழன்று விழுவதும் பாராக்குவாட் என்ற களைக்கொல்லியின் அடையாளங்கள். ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு, இந்தப் பெண்களிடம் நேரில் கேட்டுத் தொகுத்த ஆய்வை 2002இல் வெளியிட்டது. அந்த ஆண்டே அரசு பாராக்குவாட்டுக்குத் தடை அறிவித்தது; 2006இல் தடையைத் தளர்த்தியது; முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் வந்தது. புலியைப் பற்றிய படங்களில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: தமிழ் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் வெளிவரும் சாட்சியம். பெரிய பத்திரிகையின் வெளிநாட்டுப் படக்காரர் மூன்று நாளில் இதை வாங்கிவிட முடியாது. இங்கே நீங்கள்தான் அரிய வளம் உள்ளவர்.

அருகிலிருப்பதை எடுத்தால் யார் காசு கொடுப்பார்கள்? நேர்மையாகச் சொன்னால், தொடக்கத்தில் யாரும் கொடுக்க மாட்டார்கள். தூரத்திலிருப்பதை எடுத்தாலும் அதே கதைதான், கூடவே பயணச் செலவும் சேரும். ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019இல் நின்றுவிட்டது. எஞ்சிய தமிழ் நாளிதழ்கள் படக் கட்டுரைக்குக் கொடுக்கும் பணத்தில் பெட்ரோல்கூடப் போட முடியாது. இத்தொழிலில் நிலைத்தவர்களின் வருமானம் பல வாய்க்கால்களில் வருகிறது: இயற்கை அமைப்புகளின் ஆண்டறிக்கைகள், பள்ளிப் பட்டறைகள், ஆய்வாளர்களுக்கான களப்படங்கள், நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டி போன்றவற்றின் நல்கைகள், புலிட்சர் மையத்தின் மழைக்காட்டு இதழியல் நிதி. 2019இல் தொடங்கிய ‘மக்காராங்கா’ போன்ற மலேசியச் சுற்றுச்சூழல் இதழ்களில் வரும் நீண்ட கட்டுரைகளைப் பார்த்து, எப்படிப்பட்ட வேலைக்கு ஆதரவு கிடைக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். நல்கை கேட்பவரிடம் அவர்கள் முதலில் கேட்பது, இந்த இடத்தோடு உனக்கு என்ன தொடர்பு, இதுவரை என்ன சேர்த்து வைத்திருக்கிறாய் என்பதுதான். மூன்று ஆண்டுக் காந்தான் படங்கள் அந்தக் கேள்விக்கு விடை. ஒரு நல்ல மீன்கொத்திப் படம் விடை ஆகாது. அதுவரை கல்யாணப் படம் எடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முகூர்த்த நேரத்தில் தடுமாறாமல் எடுக்கத் தெரிந்தவருக்குக் களத்திலும் கை நடுங்காது.

உதாரணம் வேண்டுமென்றால் மதுரை எம். பழனி குமாரைப் பாருங்கள். மீன் விற்றுப் பிழைத்த தாயின் மகன். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பிறகு பாரி என்ற ஊரக இந்திய ஆவணக்காப்பகத்தில் சேர்ந்து, இராமநாதபுரம் கடற்கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களை, மாறிவரும் கடலோடு அவர்கள் மல்லுக்கட்டுவதைத் தொடர்ந்து படமெடுத்தார். தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதலாவது வெற்றியாளர் அவர்தான். அவர் தொலைவில் போய்த் தேடியதாகத் தெரியவில்லை. தன் வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய உழைப்பைத்தான் எடுத்தார். ஒருவரை வைத்து விதி செய்யலாமா என்று கேட்கலாம். செய்ய முடியாதுதான். ஆனால் மீன் சந்தையிலிருந்து வந்த ஒருவருக்குக் கதவு திறந்தது எந்தப் படங்களால் என்பது கவனிக்கத்தக்கது.

அருகிலிருப்பதை எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. படத்திலிருப்பவர் நாளைக்கும் உங்கள் முகத்தில் விழிப்பார். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பிறவியிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டுவதை 1971இல் யூஜீன் ஸ்மித் எடுத்த படம், சுற்றுச்சூழல் படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது. அதைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டும் என்று குடும்பம் விரும்பியபோது, பதிப்புரிமையை வைத்திருந்த ஐலீன் ஸ்மித் 1990களின் இறுதியில் இணங்கினார். உலகம் போற்றிய படத்தைவிட அந்தக் குடும்பத்தின் சொல் பெரிது என்பதே அவர் எடுத்த முடிவு, சரியான முடிவு. ஆகவே எடுக்கும் முன் கேளுங்கள், வெளியிடும் முன் மறுபடி கேளுங்கள், அச்சிட்ட படத்தை அவர் கையில் கொடுங்கள். பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியரின் கிராமங்களில் கிராமத் தலைவரின் சம்மதத்தோடு, அவர்களுக்கான அரசுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதியும் வேண்டும். கோப்பெங் அருகே உலு கெரோவில் ரஃப்ளீசியாவுக்கும் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிக்கும் வழிகாட்டுபவர்கள் ஓராங் அஸ்லியரில் ஒரு பிரிவினரான செமாய் மக்களே. அவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூடப் போங்கள். அரிய செடி, கூண்டுக்காகப் பிடிக்கப்படும் பறவை ஆகியவற்றின் இட விவரத்தைப் புலனத்திலோ முகநூலிலோ போடாதீர்கள். வேட்டைக்காரரும் அதைப் படிக்கிறார்.

பக்கம் சாய்ந்த படக்காரரை யார் நம்புவார்கள் என்ற மறுப்பு கடைசி. பக்கம் இருக்கலாம், அதை மறைப்பதுதான் தவறு. குவாரித் தரப்புக்கு உங்கள் படத்தைக் காட்டிப் பதில் கேளுங்கள், பதிலையும் போடுங்கள். அங்கே வேலை செய்யும் லாரி ஓட்டுநரின் பிழைப்பும் கதையில் வரட்டும். சட்டத்தின் வேலிக்குள் நின்று எடுங்கள்: நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதிச் சீட்டு, ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி, படப்பிடிப்புக்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளேடாங் கழிவுக் கிடங்கு கட்டுப்படுத்தப்பட்ட இடம். வேலி தாண்டி எடுத்த படம் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நீங்களே கொடுக்கும் பரிசு அது.

இவ்வளவு உழைத்துச் சேர்த்த கோப்பை ஒரே கையெழுத்தில் இழந்துவிடவும் முடியும். 1987ஆம் ஆண்டு மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு நீங்கள் செய்துகொடுக்கும் படைப்பின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே ஓர் அமைப்போ நிறுவனமோ வேலை கொடுக்கும்போது, உரிமை படமெடுத்தவரிடமே இருக்கும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் இத்தனை ஆண்டுக்கு இன்ன தேவைக்கு என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் கேமராவை எடுங்கள்.